நாமகிரியும் ஒரு பேரெண்ணும்

சேலத்திற்குத் தெற்கே, சமவெளியின் நடுவே ஒற்றைப் பாறையாய் எழுந்து நிற்பது நாமக்கல். அப்பாறையின் அடியில் நரசிம்மர் குடைவரையும் நாமகிரித் தாயார் சந்நிதியும் அமைந்துள்ளன. 1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுசனின் குலதெய்வம் இத்தாயாரே. 1914 மார்ச் 17 இல் கப்பலேறுமுன் அவர் இங்கு வந்து தங்கித் தாயாரின் இசைவு பெற்றார் என்பர். தாயாரே கனவில் கணிதத்தை உணர்த்தினார் என்னும் செய்தியும் வழிவழியாக வழங்குகிறது. இச்செய்தியோடு சேர்த்து எண்ணத்தக்கது, அவர் கையால் எழுதிய ஒரு பேரெண்.

12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. தனக்கு முற்பட்ட எல்லா எண்களையும் காரணிகளின் தொகையால் விஞ்சும் இத்தகைய எண்ணை 'உயர்பகு எண்' எனலாம். கலத்திற்கு 12 மரக்கால், நாளுக்கு 60 நாழிகை, ஆண்டுச் சுழற்சிக்கு 60 பெயர்கள் என்று, பகிர்ந்தளிக்க எளிய எண்களைத் தமிழர் வழக்கும் தேர்ந்திருந்தது. 60 உம் உயர்பகு எண்ணே.

1915 இல் இலண்டன் கணிதக் கழக இதழில் இராமானுசன் இவ்வெண்களை ஆராய்ந்து நெடிய கட்டுரை வெளியிட்டார். 1916 இல் கேம்பிரிட்ஜில் அவர் பட்டம் பெற்றதும் இவ்வாய்வினாலேயே. உயர்பகு எண்ணில் பகா எண்கள் 2 முதல் இடைவிடாது தொடர வேண்டும். சிறிய பகா எண்ணைவிடப் பெரியது மிகுதியான முறை வருதல் கூடாது. யாப்பமைதி போன்ற இவ்விதிகளை அவர் நிறுவினார். அவர்தம் பட்டியலின் இறுதி எண் 67,46,32,83,88,800. இரண்டு ஆறு முறையும், மூன்று நான்கு முறையும், ஐந்தும் ஏழும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் பெருகி அமைந்தது அது. அதன் காரணிகள் 10,080.

நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 2,93,31,86,25,600, காரணிகள் 5,040. அதனை 23 ஆல் பெருக்கினால் வருவது பட்டியலின் அந்த இறுதி எண்ணேயாகும்!

இவ்விடுபாடு அவர் புகழுக்குக் குறையன்று. கணிப்பொறி இல்லாத காலத்தில், ஒவ்வோர் எண்ணாகப் பெருக்கியும் ஒப்பிட்டும் எழுதிச் சென்ற கையின் சுவடு அது. எல்லாம் அருளே எனில் அவ்வுழைப்பு மறைந்துவிடும். எல்லாம் உழைப்பே எனில் அவர்தம் நம்பிக்கை மறைந்துவிடும். கவிதை 'வந்தது' என்று கூறும் கவிஞரும் அடித்துத் திருத்திய தாள்களை அறிவர்.

கழகத்தின் நிதி நெருக்கடியால் அன்று அச்சேறாது நின்ற அக்கட்டுரையின் எஞ்சிய பகுதி 1997 இல் வெளிவந்தது. சேலத்தினின்று பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே.