கொடைக்கானல் மலையில் சூரியனைக் காத்திருந்தவர்கள்

கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும் குளிரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஏரியை விட்டு இன்னும் மேலே ஏறினால், ஏறக்குறைய 7,700 அடி உயரத்தில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. தமிழகம் சென்று வருபவர்கள் அதையும் பார்த்து வர வேண்டும். நம் முன்னோர் பலர் கப்பலேறிய கதையும் அந்தக் கூடத்தின் கதையும் ஒரே பஞ்சத்தில் தொடங்குகின்றன.

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பருவம் தவறியது. சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு, 1877 இல் குறைக்கப்பட்ட நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும்தான். அதே காலத்தில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. இதை மழையின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிழைக்க வழியற்றவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் புறப்பட்டார்கள்.

மழை ஏன் பொய்க்கிறது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். மழையும் அந்தக் கணக்கில் ஏறி இறங்குகிறதோ என்று அக்கால விஞ்ஞானிகள் எண்ணினார்கள். சூரியனை நாள்தோறும் கவனிக்க, மிச்சி ஸ்மித் என்ற வானியலாளர் மலைகளை ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899 இல் கூடம் நிறுவப்பட்டது. 1901 இல் சூரியனைக் கவனிக்கும் பணி தொடங்கியது.

அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கூர்மையாகவும், விலகிப் போகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? ஒளியிலும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. அதைக் கொண்டு, கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது.

மழைக் கேள்விக்கு மட்டும் கரும்புள்ளியில் விடை கிடைக்கவில்லை. 1904 இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், தொலைதூரக் கடல்களின் மேலுள்ள காற்றழுத்தத்துக்கும் இந்திய மழைக்கும் தொடர்பிருப்பதைக் காட்டினார். 1877 இல் பசிபிக் கடல் அளவு மீறிச் சூடேறியிருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. எல் நினோ என்கிறார்களே, அதுதான்.

ஆனாலும் கொடைக்கானலில் சூரியனைப் படமெடுப்பதை நிறுத்தவில்லை. 1904 முதல், மேகம் மறைக்காத நாட்களிலெல்லாம் படம் பிடித்துச் சேர்த்தார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகளை இப்போது கணினியில் ஏற்றி, நூறாண்டுகளில் சூரியன் எப்படி மாறியது என்று பல நாட்டினர் ஆராய்கிறார்கள்.