சோழிக் கணக்கரும் எட்டுக் குழாயும்

நவம்பர் வந்தால் எங்கள் பக்கத்தில் தீபத் திருவிழா பேச்சுதான். ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற தெருக்களில் மாடி அறைக்கெல்லாம் திடீரென்று கிராக்கி வந்துவிடும். இந்தமுறை அந்தச் சத்தத்துக்கு நடுவே ஏழாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து கேட்டாள்: "அண்ணா, பெப்ராஸ்னு ஒரு போட்டியாமே, எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரிப்பேர். நாங்க எழுத முடியாதா?"

அவள் கேள்விக்குப் பதில் தேடப் போய், கடைசியில் 1825-ஆம் வருஷத்துப் புதுச்சேரியில் வந்து நின்றேன். அந்தக் கதைதான் இது.

முதலில் போட்டி. பெப்ராஸ் லிதுவேனிய மொழிச் சொல். பீவர் என்ற பிராணியின் பெயர். ஆற்றில் மரத்தைக் கடித்துப் போட்டு அணை கட்டுமே, அதுதான். (நம்ம நீர்நாய் இல்லை, அது வேறு.) வில்னியஸ் பல்கலைக்கழகத்தின் வாலென்டினா டாகியேனே என்ற பேராசிரியர் 2004-ல் லிதுவேனியாவில் இதைத் தொடங்கினார். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம், கம்ப்யூட்டர் பற்றிப் படித்திருக்கவும் வேண்டாம். சின்னச் சின்னப் புதிர்கள்தான். ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் கணினி அறிவியலின் ஒரு கருத்து ஒளிந்திருக்கும். இந்தியாவில் இதை நடத்துவது சிஎஸ்பாடசாலா. ஏசிஎம் இந்தியா 2016-ல் தொடங்கிய முயற்சி அது. கேள்விகள் தமிழிலும் கிடைக்கின்றன.

இதைத்தான் கணிமைச் சிந்தனை என்கிறார்கள். சிமோர் பேப்பர்ட் 1980-லேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஜெனட் விங் 2006-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகுதான் அது உலகமெல்லாம் பரவியது.

சரி, அந்தப் பெண்ணையும் தெருப் பசங்க நாலு பேரையும் உட்காரவைத்து நானே ஒரு கேள்வி தயாரித்தேன். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தண்ணீர்க் குழாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து அக்னி, யம, நிருதி, வருண, வாயு, குபேர லிங்கங்கள் வழியாக ஈசான்யம் வரை ஒரே பைப்பில் போகிறது. ஈசான்யத்தில் தண்ணீர் வரவில்லை. எங்கோ அடைப்பு. தண்ணீர் வராத முதல் குழாய் எது என்று கண்டுபிடிக்கக் குறைந்தது எத்தனை குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்?

நான் மனதில் வைத்திருந்த விடை 3. நடுவில் இருக்கிற நிருதியைத் திற. வந்தால் அடைப்பு அதற்கு அப்பால், வராவிட்டால் அங்கேயோ அதற்கு முன்போ. எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கம்ப்யூட்டர் வகுப்புகளில் இதற்கு பைனரி சர்ச் என்று பெயர்.

ஒரு பையன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நிருதியில தண்ணி வரலைன்னா அக்னிக்குத் திரும்பி வரணுமே. கிரிவலத்துல பின்னாடி நடக்கக் கூடாதுண்ணா. நான் இந்திரத்துல இருந்து ஒவ்வொண்ணா திறந்துக்கிட்டே போவேன். எப்படியும் சுத்தத்தானே போறேன்?"

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. நான் குழாய் திறப்பதை எண்ணினேன், அவன் நடக்கும் தூரத்தை எண்ணினான். பாதை 14 கிலோமீட்டர். நடந்து போகிறவனுக்கு முன்னும் பின்னும் அலைவதுதான் செலவு, குழாயைத் திருகுவது இல்லை. எதைச் செலவாக எண்ணுகிறோம் என்று தீர்மானித்த பிறகுதான் எந்த வழி சிறந்தது என்ற பேச்சே வரும்.

இங்கேதான் எனக்குப் புதுச்சேரி ஞாபகம் வந்தது.

ஜான் வாரன் என்று ஒரு ராணுவ அதிகாரி. லாம்டனின் நில அளவைப் பணியில் இருந்தவர், கொஞ்ச காலம் சென்னை வானாய்வகத்தையும் கவனித்தார். தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி அவர் எழுதிய 'கால சங்கலிதா' 1825-ல் சென்னையில் அச்சானது. அதில் புதுச்சேரிவாசியான ஒரு பஞ்சாங்கக் கணக்கர் வருகிறார். வாரன் ஆங்கிலத்தில் எழுதிவைத்த பெயர் 'சாமி நாடன் சஷியா'. மூலப் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி, நகர்த்தி, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் வந்த கிரகணம். காகிதம் கிடையாது. அட்டவணைகள் எல்லாம் தலைக்குள். பின்னாளில் கணித வரலாற்றாளர் ஓட்டோ நியூகபவர் 1952-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைச் சரிபார்த்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. சோழியை மட்டும் வைத்துக்கொண்டு!

அட்டவணை எப்படித் தலைக்குள் போனது? வாக்கியங்களாக. நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். சந்திரன் 248 நாளில் ஏறக்குறைய 9 சுற்று முடித்துப் பழைய வேகத்துக்கே வந்துவிடும். நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றின் எழுத்துகளும் எண்கள். இந்தக் கடபயாதி முறை பாட்டு கற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாயாமாளவகௌளை என்றால் மா 5, யா 1, திருப்பிப் போட்டால் 15-வது மேளம். (தமிழ் எழுத்தில் இதைச் செய்யப் போனால் மாட்டிக்கொள்வோம். ஒரே 'த' 6, 7, 8, 9 என நாலு எண்ணுக்கும் நிற்கும். சமஸ்கிருத எழுத்து வரிசையை நம்பிய ஏற்பாடு இது.) தகவலைக் குறியீடாக மாற்றுவது பெப்ராஸில் அடிக்கடி வரும் கேள்வி வகை.

'அப்பவே நம்மாளுங்க கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சாச்சு' என்று இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். வாரன் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: அந்தக் கணக்கருக்கு வானியல் கொள்கை எதுவும் தெரியாது. படிகள் தெரியும், அவை ஏன் என்று தெரியாது. வாரனின் பேச்சில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தோரணை இருக்கிறது, அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் அடிப்படையில் அவர் சொன்னதை நான் ஏற்கிறேன். சஷியா ஒரு அருமையான வழிமுறையைத் துளி பிசகாமல் ஓட்டினார். அந்த வழிமுறையை முதலில் யோசித்தவர் வேறு யாரோ. நம் திண்ணைப் பள்ளிகளும் எண்சுவடியை, முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 என்று பிள்ளைகளின் நாக்கில் ஏற்றிவிட்டன. அந்த மனக்கணக்கை நான் மட்டமாகச் சொல்லமாட்டேன், எனக்கு அதில் பாதிகூட வராது. ஆனால் 'வேறு வழி உண்டா' என்று கேட்ட மாணவனுக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும்?

இப்போதைய தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகங்களில் 'தகவல் செயலாக்கம்' என்று ஒரு இயல் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் வரைபடத்துக்கு நிறம் தீட்டுவது, ரகசியக் குறியீடு எல்லாம் வரும். எந்த மெஷினும் வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும். பல இடங்களில் 'இதுல இருந்து பரீட்சைக்குக் கம்மியாத்தான் வரும்' என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் தெருப் பெண்ணின் புத்தகத்திலும் அந்தப் பக்கங்கள் புத்தம் புதிதாகத்தான் இருந்தன.

போட்டியில் ரிப்பேரான கம்ப்யூட்டருக்குப் பதில் என்ன செய்யலாம் என்று ஆசிரியரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை தினமும் சாயங்காலம் காகிதத்தில் பழைய கேள்விகள். நேற்று அந்தப் பையன் சொந்தமாக ஒரு கேள்வியோடு வந்தான்: குழாய் எட்டு, ஆனால் அடைப்பு இரண்டு இடத்தில். முதல் அடைப்புக்கு அப்பால் எங்குமே தண்ணீர் வராதே, இரண்டாவதை எப்படித் தெரிந்துகொள்வது? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.