விந்தணு காத்திருந்த சைகை

கடல் முள்ளெலியின் முட்டைக்குள் விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாவதை உயிரியலாளர் ஓஸ்கர் ஹெர்ட்விக் 1876-ல் அறிவித்தார். அதன்பின் வெகுகாலம் ஆய்வாளர்களின் கவனம் பெரும்பாலும் முட்டையின் மீதே இருந்தது. விந்தணு நீந்தி வரும், முட்டும், நுழையும். அதன் வேலை அவ்வளவுதான் என்று கருதப்பட்டது. அந்தக் கருத்தை அசைத்தவர் ஜீன் கிளார்க் டான். அமெரிக்காவில் பிறந்து, ஜப்பானிய உயிரியலாளர் கட்சுமா டானை மணந்து, ஜப்பானில் ஆய்வு செய்தவர். முட்டைகள் ஊறிய கடல்நீரில் கடல் முள்ளெலியின் விந்தணுக்களை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். தலை நுனியிலுள்ள அக்ரோசோம் என்ற சிறு பை உடைந்து, அங்கிருந்து மெல்லிய இழையொன்று நீண்டது. 1952-ல் இதை வெளியிட்ட அவர், கால்சியம் இல்லாத கடல்நீரில் இந்த மாற்றம் நிகழ்வதில்லை என்று 1954-ல் காட்டினார். நீந்தி வந்தால் மட்டும் போதாது, கால்சியம் என்ற சைகை கிடைத்தால்தான் விந்தணு நுழையத் தயாராகிறது என்பதற்கு இதுவே முதல் வலுவான சான்று.

கால்சியம் எல்லா உயிரணுக்களுக்கும் வேண்டியதுதானே, அது இல்லாமல் விந்தணு நலிந்துபோயிருக்கலாமே என்று கேட்கலாம். கடல் உயிரிக்குப் பொருந்துவது பாலூட்டிக்கும் பொருந்துமா என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் 1974-ல் ஆய்வாளர்கள் யனகிமாச்சியும் உசுயும் விடை தந்தனர். கால்சியமற்ற திரவத்தில் மணிக்கணக்கில் வைத்திருந்த கினிப்பன்றி விந்தணுக்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. அக்ரோசோம் மட்டும் உடையவில்லை. கால்சியம் சேர்த்த சில நிமிடங்களில் உடைந்தது. ஆக, குறைந்தது வலிமை அல்ல, சைகை.

அந்தச் சைகை நுழையும் வாசல்களில் முக்கியமான ஒன்று 2001-ல் தெரியவந்தது. விந்தணுவின் வாலில் உள்ள கேட்ஸ்பர் என்ற கால்சியம் வழியை டேவிட் கிளாபம் குழுவினர் கண்டறிந்தனர். அதற்கான மரபணு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளுக்கு விந்தணு எண்ணிக்கை குறையவில்லை. ஆனாலும் அவற்றுக்குக் குட்டி பிறக்கவில்லை. முட்டையின் உறையை அகற்றிக் கொடுத்தபோது அதே விந்தணுக்கள் கருவுறச் செய்தன. அதாவது, வாலை வேகமாக வீசி உறையைத் துளைக்கும் திறனே இல்லாமல் போயிருந்தது. மனிதரில் முட்டையைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இவ்வழியைத் திறக்கிறது என்று 2011-ல் இரு குழுக்கள் காட்டின. கேட்ஸ்பருக்கான மரபணுக்களில் பழுதுள்ள ஆண்களுக்குக் குழந்தைப்பேறு தடைபடுவதும் உறுதியாகியுள்ளது. எனவே எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்ற ஒரே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணைக் குறை சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.