மறைத்து வைத்த கணக்கு: டெட் லிண்ட்சேயும் ஐஸ் ஹாக்கி வீரர்களின் உரிமை வரலாறும்

1956-57 பருவத்தில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்காக டெட் லிண்ட்சே 30 கோல் அடித்தார். மேலும் 55 கோல்களுக்குத் துணைநின்றார். 70 ஆட்டங்களில் 85 புள்ளிகள் என்பது அவரது வாழ்நாளின் உச்சம். லீக் முழுவதிலும் அவரைவிட அதிகப் புள்ளி எடுத்தவர் ஒருவரே. அவரும் அதே அணியைச் சேர்ந்த கோர்டி ஹோ. அடுத்த ஜூலையில் டெட்ராய்ட் நிர்வாகம் லிண்ட்சேயை, கடைசி இடத்தில் கிடந்த சிகாகோ பிளாக் ஹாக்ஸுக்குக் கைமாற்றியது. பதிலுக்கு வந்தவர்களில் அவருக்கு ஈடானவர் எவருமில்லை.

ஆட்டக் கணக்கால் இந்த முடிவை விளக்க முடியாது. அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் வீரர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அதற்கான தண்டனை இது என்பதில் விளையாட்டு வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தண்டனையின் காரணத்தைச் சொல்லும்போது மட்டும் மேலாளரின் முன்கோபம், முதலாளிகளின் பேராசை என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கணக்கை யார் பார்க்கலாம் என்பதே சண்டையின் மையம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஒரு வீரரின் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியாமலும், ஓய்வூதிய நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது எவருக்கும் தெரியாமலும் இருந்தவரை முதலாளிகளின் கை ஓங்கியிருந்தது. லிண்ட்சே அந்தப் பேரேட்டைக் கேட்டார்.

அவருடைய குடும்பத்திலேயே இந்த வரலாற்றின் முந்தைய அத்தியாயம் இருக்கிறது. தந்தை பெர்ட் லிண்ட்சே ஒன்டாரியோ மாநிலத்தின் ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் அணிக்குக் கோல்காப்பாளர். வெள்ளிச் சுரங்கத்தில் பெரும்பணம் சேர்த்த ஓ'பிரையன் குடும்பம் நடத்திய அந்த அணியை ஊர் 'மில்லியனர்ஸ்' என்றே அழைத்தது. 1909-10 பருவத்தில், பன்னிரண்டே ஆட்டங்கள் கொண்ட அட்டவணைக்கு, சைக்லோன் டெய்லர் என்ற வீரருக்கு அவர்கள் 5,250 டாலர் கொடுத்தார்கள். பெரிய நகரங்களின் அணிகளுக்கே அன்று அது எட்டாத தொகை. முதலாளியின் தாராள மனத்தைவிட, வீரரை இழுக்கப் பல கைகள் நீண்டிருந்ததே இதற்குக் காரணம். 1911-இல் பேட்ரிக் சகோதரர்கள் பசிபிக் கரையில் தனி லீக் தொடங்கியதும் இழுபறி இன்னும் கூடியது. கிழக்கில் தரும் தொகை பிடிக்காவிட்டால் வீரர் மேற்கே ரயில் ஏறலாம். பெர்ட் லிண்ட்சேயும் அப்படி விக்டோரியா நகர அணிக்குப் போனவர்தான்.

அந்தக் கதவு மெல்ல மூடியது. 1917-இல் மாண்ட்ரியாலில் தோன்றிய நேஷனல் ஹாக்கி லீக், 1926-இல் மேற்கத்திய லீக் கலைந்ததும் போட்டியில்லாத ஒரே பெரிய லீக் ஆனது. அதற்கு ஓராண்டு முன்பே அதன் போக்கு வெளிப்பட்டிருந்தது. 1924-25 பருவத்தில் அட்டவணை 24 ஆட்டங்களிலிருந்து 30 ஆட்டங்களாக நீண்டது. முதலிடத்தில் இருந்த ஹாமில்டன் டைகர்ஸ் வீரர்கள், கூடுதல் உழைப்புக்குத் தலைக்கு 200 டாலர் தராமல் இறுதிச்சுற்றில் ஆடமாட்டோம் என்றார்கள். லீக் தலைவர் ஃபிராங்க் கால்டர் அவர்களை இடைநீக்கம் செய்தார். அடுத்த பருவத்துக்குள் அத்தனை வீரர்களும் நியூயார்க்கின் புதிய அணிக்கு 75,000 டாலருக்கு விற்கப்பட்டார்கள். ஹாமில்டன் நகரத்துக்கு அதன்பின் இந்த லீக்கில் அணி கிடைக்கவில்லை. அந்த 1925-இல்தான், ஜூலை 29 அன்று, டெட் லிண்ட்சே பிறந்தார்.

அவர் தொழிலுக்கு வந்த 1944-இல் லீக்கில் ஆறே அணிகள். உலகம் முழுவதும் சேர்த்து இந்த ஆட்டத்தின் மேல்தட்டில் ஏறத்தாழ நூற்றிருபது வேலைதான் இருந்தது. பதினாறு வயதுப் பையனிடமே கையெழுத்து வாங்கும் 'சி படிவம்' என்ற தாள், அவனுடைய எதிர்காலத்தை ஓர் அணியின் கையில் ஒப்படைத்துவிடும். பிறகு வரும் தொழில்முறை ஒப்பந்தம் பெயருக்கு ஓராண்டுக்கு உரியது. அதிலிருந்த தக்கவைப்பு விதியோ அடுத்த ஆண்டுக்கும், அதற்கடுத்த ஆண்டுக்கும் அதே அணியிடம் வீரரைக் கட்டிப்போட்டது. அணி நினைத்தால் அவரை விற்கலாம், கீழ்நிலை லீக்குக்குத் தள்ளலாம். வீரர் நினைத்தால் ஆட்டத்தை விடலாம்; வேறு வழியில்லை.

லிண்ட்சே ஐந்தடி எட்டு அங்குலம், 74 கிலோ. அந்த உடம்போடு லீக்கின் முரட்டு ஆட்டக்காரர்களில் முதல் வரிசையில் நின்றார். 'டெரிபிள் டெட்' என்ற பட்டப்பெயரும் முகத்தில் நிறையத் தையல் தழும்புகளும் அதன் கூலி. சிட் ஏபெல், கோர்டி ஹோ ஆகியோருடன் அவர் அமைத்த முன்வரிசைக்கு, கார்த் தொழிற்சாலைகளின் நகரம் 'புரொடக்‌ஷன் லைன்' என்று பெயர் வைத்தது. 1949-50 பருவத்தில் லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று இடமும் இந்த மூவருக்கே. 78 புள்ளிகளோடு லிண்ட்சே முதலிடம். 1950, 1952, 1954, 1955 என நான்கு முறை ஸ்டான்லி கோப்பை. வென்ற கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பனித்தளத்தின் ஓரமாகச் சறுக்கிப்போய் ரசிகர்களுக்குக் காட்டும் வழக்கம் 1950-இல் இவரிடமிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள்.

1947-இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டமே இவரைப் போராட்டத்துக்குள் இழுத்தது. ஒவ்வொரு வீரரும் ஆண்டுக்கு 900 டாலர் கட்டவேண்டும். ஏழாயிரம் டாலரைக்கூட எட்டாத சம்பளக்காரர்கள் நிறைந்த காலத்தில் அது பெருந்தொகை. நிதிக்குழுவில் வீரர்களின் பிரதிநிதிகளாக லிண்ட்சேயும் மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் டக் ஹார்வியும் அமர்ந்தார்கள். முதலாளிகளின் பங்கு எவ்வளவு, நிதி எங்கே முதலீடாகியிருக்கிறது என்று கேட்டபோது பதில் வரவில்லை. பணம் கட்டியவர்களின் பிரதிநிதிக்கே பேரேடு மறுக்கப்பட்டது.

பேஸ்பால் வீரர்களுக்கு அப்போது ஓர் அமைப்பு இருந்தது. அதற்கு ஆலோசனை சொன்ன நியூயார்க் வழக்கறிஞர்கள் நார்மன் லூயிஸ், மில்டன் மவுண்ட் இருவரையும் லிண்ட்சே அணுகினார். 1956 அக்டோபரில் நட்சத்திர ஆட்டத்துக்காக எல்லா அணி வீரர்களும் மாண்ட்ரியாலில் கூடியபோது பேச்சு உருப்பெற்றது. எதிரணிக்காரரோடு பழகுவதை அணிகள் தடுத்துவந்த காலம் அது. களத்துக்கு வெளியிலும் எதிரணியை எதிரியாகவே நடத்தியவர் லிண்ட்சே. அப்படிப்பட்டவர் அணி அணியாக ஆள் பிடித்தார். தலைக்கு 100 டாலர் சந்தா. லீக்கின் வீரர்களில் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த டொராண்டோவின் டெட் கென்னடியைத் தவிர அனைவரும் சேர்ந்தார்கள். 1957 பிப்ரவரியில் நியூயார்க்கில் அறிவிப்பு வெளியாகும்வரை முதலாளிகளுக்குச் செய்தி எட்டவில்லை. இவ்வளவு பேர் ஒரு ரகசியத்தைக் காத்தார்கள் என்பதே அவர்களின் குறை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று.

பதிலடி இரு வகையில் வந்தது. ஒன்று நாடுகடத்தல்: லிண்ட்சேயோடு, டொராண்டோவில் சங்கத்துக்குத் துணைநின்ற ஜிம்மி தாம்சனும் சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். மற்றதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். டெட்ராய்ட் மேலாளர் ஜாக் ஆடம்ஸ், லிண்ட்சேயின் சம்பளம் இவ்வளவு என்று உண்மையைவிட மிக உயர்ந்த ஒரு தொகையைப் பத்திரிகையாளர்களிடம் பரப்பினார். கொழுத்த சம்பளம் வாங்குபவன் ஏழை வீரர்களைத் தூண்டிவிடுகிறான் என்ற சித்திரம் அதனால் எழுந்தது. எவருடைய சம்பளமும் எவருக்கும் தெரியாத இடத்தில் இந்தப் பொய்யை மறுக்க லிண்ட்சேயிடம் ஆதாரம் இருந்தும் கேட்பதற்கு ஆளில்லை.

சங்கம் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அந்த நவம்பரில் டெட்ராய்ட் வீரர்களே விலகுவதென்று முடிவெடுத்தார்கள். லிண்ட்சேயின் நண்பரும் தொழில் கூட்டாளியுமான கோர்டி ஹோ அதைத் தடுக்கவில்லை. ஹோவைக் கோழை என்று எழுதியவர்கள் உண்டு. அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. நீதான் அதிகச் சம்பளக்காரன் என்ற நிர்வாகத்தின் வாக்கை அவர் முழுதாக நம்பியிருந்தார். நம்பியதை ஒத்துப்பார்க்க அவரிடம் வேறு கணக்கு இல்லை.

1958 பிப்ரவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டாலர், ஓய்வூதியப் பங்கில் உயர்வு, காட்சி ஆட்டங்களுக்கு வரம்பு, இடம்மாறும் வீரருக்குச் செலவுத்தொகை ஆகியவை கிடைத்தன. சங்கம் கலைந்தது. பேரேடு திறக்கவில்லை.

லிண்ட்சே சிகாகோவில் மூன்று பருவம் ஆடி 1960-இல் ஓய்வுபெற்றார். மறு ஆண்டே அந்த அணி கோப்பையை வென்றது. அவரோடு சேர்த்து அனுப்பப்பட்ட கோல்காப்பாளர் கிளென் ஹால் அதன் தூண். ஆடம்ஸ் பதவியிழந்தபின், ஏபெல் பொறுப்பில் இருந்த 1964-இல், 39 வயதில் லிண்ட்சே டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார். ஒரு பருவம் ஆடி 14 கோல் அடித்தார்; அணி முதலிடம் பிடித்தது. 1,068 ஆட்டம், 379 கோல், 851 புள்ளி என்பது முழுக் கணக்கு. 1966-இல் ஹாக்கி புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, விருந்து ஆண்களுக்கு மட்டும் என்பதால் மனைவி மக்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று விழாவுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு அந்த விதி மாறியது.

1967-இல் டொராண்டோ வழக்கறிஞர் ஆலன் ஈகிள்சன் தலைமையில் தோன்றிய சங்கத்தை முதலாளிகள் ஏற்றுக்கொண்டார்கள். வீரர்களின் வெற்றியாக இதைப் பதிவுசெய்வது வழக்கம். ஆனால் சங்கத்தை நடத்தியவரே பல வீரர்களின் சம்பள முகவர். சர்வதேசப் போட்டிகளை ஏற்பாடு செய்தவரும் அவரே. மூன்று கணக்கும் ஒரே கையில் இருந்தன. அவற்றைப் பார்க்கக் கேட்ட வீரர்கள் அலட்சியமாக நடத்தப்பட்டார்கள். மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகர நாளிதழில் ரஸ் கான்வே என்ற செய்தியாளர் 1991 முதல் எழுதிய தொடர் இதைத் தோண்டியெடுத்தது. 1998-இல் ஈகிள்சன் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு கனடாவில் சிறை சென்றார். முதலாளியிடமிருந்த பூட்டு சங்கத் தலைவரின் கைக்கு மாறியதை விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான உடைப்பு வேறு திசைகளிலிருந்து வந்தது. 1960-களின் இறுதியில், டெட்ராய்ட்டுக்குப் புதிதாக வந்த பாப் பான் தன் சம்பளத்தை ஹோவிடம் வெளிப்படையாகச் சொன்னார். லீக்கின் மாபெரும் வீரர், 45,000 டாலருடன், தன் சொந்த அணியிலேயே மூன்றாம் இடத்தில் இருந்தார்! கேட்டதும் சம்பளம் 1,00,000 ஆனது. 1972-இல் வேர்ல்டு ஹாக்கி அசோசியேஷன் என்ற போட்டி லீக் பிறந்து, பாபி ஹல்லைப் பத்தாண்டுக்கு 27.5 லட்சம் டாலருக்கு இழுத்தது. அந்த நவம்பரில் ஃபிலடெல்ஃபியா நீதிபதி லியோன் ஹிக்கின்பாதம், தக்கவைப்பு விதியைக் காட்டி வீரர்களைத் தடுக்க லீக்குக்குத் தடை விதித்தார். பெர்ட் லிண்ட்சே காலத்து ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. 1990-இல் வீரர்களின் சம்பளப் பட்டியல் வெளியானது. அதன்பின் சம்பளம் ஏறிய வேகத்துக்கு ஆட்டத்தின் தரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

கடைசியாக ஓய்வூதிய நிதி. நிதியின் உபரியை லீக் தன் பங்களிப்புக்கு ஈடாக எடுத்துக்கொண்டதை எதிர்த்து முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஒன்டாரியோ நீதிமன்றம் பணம் வீரர்களுக்கே உரியது என்றது. 1994-இல் கனடா உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. கோடிக்கணக்கான டாலர் வட்டியோடு திரும்பியது. வழக்குத் தொடுத்தவர்களில் கோர்டி ஹோவும் ஒருவர். நாற்பதாண்டுகளுக்கு முன் லிண்ட்சேயும் ஹார்வியும் கேட்ட கேள்விக்கு நீதிமன்றத்தில்தான் பதில் கிடைத்தது.

2010-இல் வீரர் சங்கம், வீரர்களே வாக்களித்துத் தரும் ஆண்டின் சிறந்த வீரர் விருதுக்கு லிண்ட்சேயின் பெயரைச் சூட்டியது. 2019 மார்ச் 4 அன்று, 93 வயதில், அவர் மிச்சிகனில் காலமானார். 1957 முயற்சியைத் தோல்வி என்றும் 1967-ஐத் தொடக்கம் என்றும் பிரிக்கும் வழக்கமான காலவரிசை திருத்தப்பட வேண்டும். ஐஸ் ஹாக்கி வீரர்களின் உரிமை வரலாறு, நிதிக்குழுவில் பேரேட்டைக் காட்டச் சொன்ன அந்தக் கேள்வியிலிருந்தே எழுதப்பட வேண்டியது.