கலவையா, கலப்படமா? - மெழுகுவர்த்தியின் கதை

பாலில் தண்ணீர் சேர்த்தால் அது கலப்படம். காப்பித்தூளில் சிக்கரி சேர்த்து, எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்றால் அது கலவை. இரண்டிலும் நடப்பது ஒரே வேலைதான். ஆனால் முதல் ஆளுக்கு அபராதம், இரண்டாவது ஆளுக்கு வாடிக்கையாளர் கூட்டம்! இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை மெழுகுவர்த்தியின் வரலாறு காட்டுவதுபோல வேறு எந்தப் பொருளும் காட்டாது என்பது என் எண்ணம்.

வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்ய விரும்புகிறவர்கள் இப்போது முதலில் தேடுவது சோயா மெழுகு. தேடியதுமே "நூறு சதவீதம் சுத்த சோயா" என்ற வாசகம் கண்ணில் படும். சுத்தம் என்றால் நல்லது, கலந்தது என்றால் மட்டம் என்று நாமும் முடிவு கட்டிவிடுவோம். நான் பி.காம். படிக்கிறவன், வேதியியலைப் பத்தாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பிவிட்டவன். :-) ஆனாலும் இந்தக் கதையில் வேதியியல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வியாபாரமும் இருக்கிறது. அதனால் துணிந்து எழுதுகிறேன்.

கொழுப்பும் தேன்மெழுகும்

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இரண்டே வகை மெழுகுவர்த்திகள்தான். சாதாரண வீடுகளில் எரிந்தது ஆட்டுக்கொழுப்பு, மாட்டுக்கொழுப்பு. தேவாலயத்திலும் அரண்மனையிலும் எரிந்தது தேன்மெழுகு. லண்டனில் இந்த இரண்டு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கங்களே இருந்தன. கொழுப்பு வர்த்திக்காரர்களின் சங்கத்துக்கு 1462லும் தேன்மெழுகு வர்த்திக்காரர்களின் சங்கத்துக்கு 1484லும் அரச சாசனம் கிடைத்தது.

ஆட்டுக்கொழுப்பு கெட்டியானது, நன்றாக எரியும். மாட்டுக்கொழுப்பு அதற்கு அடுத்தபடி. இரண்டையும் கலந்து வார்ப்பது வழக்கம். யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. பன்றிக்கொழுப்பு சேர்ந்தால் மட்டும் புகையும் நாற்றமும் தாங்காது. தேன்மெழுகில் மலிவான கொழுப்பைக் கலந்து தேன்மெழுகு விலைக்கே விற்பது பெரிய மோசடி. அதைக் கண்காணிப்பது சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆக, கலவைக்கும் கலப்படத்துக்கும் நடுவே கோடு போடும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

இடையில் அரசாங்கமும் புகுந்தது. 1709ல் இங்கிலாந்தில் மெழுகுவர்த்திக்கு வரி போட்டார்கள். உரிமம் எடுக்காமல், வரி கட்டாமல் வீட்டில் மெழுகுவர்த்தி செய்யக்கூடாது என்று தடையும் விதித்தார்கள். அந்த வரி நீங்கியது 1831ல்! நாம் இன்று பொழுதுபோக்காகச் செய்கிற வேலை அங்கே நூறு வருடத்துக்கும் மேல் குற்றமாக இருந்தது.

திமிங்கிலத்தின் தலையில் இருந்து

18ஆம் நூற்றாண்டில் மூன்றாவதாக ஒரு மெழுகு வந்தது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் கிடைக்கும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிழிந்தால் வெள்ளையான ஸ்பெர்மசெட்டி கிடைக்கும். வாடை கிடையாது, வெயிலில் வளையாது, ஒளியும் நல்ல ஒளி. 1860ல் பிரிட்டிஷ் சட்டம் ஒளியின் அளவையே இந்த வர்த்தியை வைத்துத்தான் வரையறுத்தது. ஆறில் ஒரு பவுண்டு எடையுள்ள, மணிக்கு 120 கிரெயின் வீதம் எரியும் ஸ்பெர்மசெட்டி வர்த்தியின் வெளிச்சம்தான் ஒரு "கேண்டில்பவர்".

ஆனால் சுத்தமான ஸ்பெர்மசெட்டியிலும் ஒரு வம்பு இருந்தது. ஆறும்போது பெரிய பெரிய படிகங்களாக உறையும். வர்த்தி உடையும். அதனால் மூன்று சதவீதம் போலத் தேன்மெழுகு சேர்த்தார்கள். உலகத்துக்கே அளவுகோலாக இருந்த வர்த்தியிலும் சிட்டிகை அளவு கலவை தேவைப்பட்டது.

இந்தப் "படிகம்" என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான்.

வெள்ளைப் பாஷாணம்

பிரான்ஸில் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் கொழுப்பு என்பது ஒரே பொருள் அல்ல என்று கண்டுபிடித்தார். கிளிசரினும் சில அமிலங்களும் சேர்ந்ததுதான் கொழுப்பு. அவரது ஆய்வு நூல் 1823ல் வெளிவந்தது. கிளிசரினை நீக்கி, திரவமான அமிலத்தைப் பிழிந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது கெட்டியான, வெண்மையான ஸ்டியரின். மாட்டுக்கொழுப்பின் நாற்றமும் புகையும் இதில் இல்லை. 1825ல் ஷெவ்ரலும் கே-லுசாக்கும் சேர்ந்து இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். வியாபாரம் ஓடவில்லை. 1830களில் பாரிஸில் அடால்ஃப் தெ மில்லி என்பவர் சுண்ணாம்பு போட்டுப் பிரிக்கும் மலிவான முறையைக் கொண்டுவந்த பிறகுதான் ஸ்டியரின் வர்த்தி சந்தைக்கு வந்தது.

ஒரு வேடிக்கை. ஷெவ்ரல் தனி அமிலம் என்று நினைத்து "மார்கரிக்" என்று பெயர் வைத்த பொருள், உண்மையில் ஸ்டியரிக், பால்மிடிக் என்ற இரண்டு அமிலங்களின் கலவை என்று பிற்பாடு தெரியவந்தது. கண்டுபிடித்தவருக்கே சுத்தம் எது, கலவை எது என்பது பிடிபடவில்லை!

ஸ்டியரினிலும் பழைய வம்பு திரும்பி வந்தது. ஆறும்போது படிகம் படிகமாக உறைந்து வர்த்தி திட்டுத்திட்டாகத் தெரிந்தது, எளிதில் உடைந்தது. வாங்குகிறவர்களுக்கோ தேன்மெழுகு போல வழவழவென்று வேண்டும். படிகம் உருவாகாமல் தடுக்க ஒரு மலிவான வழியைக் கண்டுபிடித்தார்கள். உருகிய ஸ்டியரினில் கொஞ்சம் வெள்ளைப் பாஷாணத்தைப் போடுவது. ஆம், ஆர்சனிக்!

வர்த்தி பார்க்க அழகாக இருந்தது. ஏற்றினால் ஆர்சனிக் ஆவியாகி அறை முழுக்கப் பரவியது. பிரான்ஸில் இதைத் தடை செய்தார்கள். இங்கிலாந்தில் விற்பனை தொடர்ந்தது. 1837ல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவச் சங்கம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்து இந்த ஆபத்தை வெளியே சொன்னது.

கொடுமை என்னவென்றால், ஆர்சனிக் தேவையே இல்லை. ஸ்டியரினை உறையும் நிலைக்குப் பக்கத்தில் வரும்வரை கிளறி ஆறவிட்டு, வெதுவெதுப்பான அச்சில் ஊற்றி, சிறிது தேன்மெழுகும் சேர்த்தாலே படிகம் அடங்கிவிட்டது. அதற்குக் கொஞ்சம் பொறுமையும் கொஞ்சம் கூடுதல் செலவும் ஆகும். விஷம் அதைவிட மலிவு. அவ்வளவுதான் காரணம்.

தேன்மெழுகும் கலந்த பொருள், ஆர்சனிக்கும் கலந்த பொருள். இரண்டும் தீர்த்து வைத்தது ஒரே பிரச்சினையை. ஒன்று கலவை, மற்றது கலப்படம். வாங்குகிறவரிடம் பெயரைச் சொல்லி விற்க முடியுமா என்பதுதான் வித்தியாசம். "ஆர்சனிக் சேர்த்தது" என்று எழுதி ஒரு பெட்டியாவது விற்றிருக்க முடியுமா?

இலங்கைத் தேங்காயும் ராணியின் கல்யாணமும்

பெயரைச் சொல்லியே விற்ற கதையும் அதே காலத்தில் நடந்தது. 1830ல் லண்டனில் வில்லியம் வில்சன், பெஞ்சமின் லங்காஸ்டர் என்ற இரண்டு பங்காளிகள் தேங்காய் எண்ணெயின் கெட்டிப் பகுதியைப் பிழிந்து பிரிக்கும் காப்புரிமையை வாங்கினார்கள். இலங்கையில் சுமார் 1,000 ஏக்கர் தென்னந்தோப்பிலும் முதலீடு செய்தார்கள். கடைக்கு வைத்த பெயர் "பிரைஸ்". அது இரண்டு பேருடைய பெயரும் இல்லை! மெழுகுவர்த்தி வியாபாரம் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது.

தேங்காய் மெழுகு மட்டும் என்றால் மென்மை அதிகம். ஸ்டியரின் மட்டும் என்றால் படிகத் தொல்லை. 1840ல் விக்டோரியா ராணியின் திருமணத்துக்கு வீட்டு ஜன்னல்களில் விளக்கேற்ற வேண்டிய நேரத்தில், இரண்டையும் கலந்து ஒரு வர்த்தியை விட்டார்கள். திரியை அடிக்கடி கத்தரிக்க வேண்டாம், விலையும் குறைவு. அதன் பெயரே "காம்போசிட்", அதாவது கலவை வர்த்தி. கலந்திருப்பதையே விளம்பரமாக்கிவிட்டார்கள். இது மார்க்கெட்டிங் பாடத்தில் வரவேண்டிய உதாரணம்.

பிறகு பாரஃபின் வந்தது. நிலக்கரியில் இருந்து பாரஃபின் எடுக்க ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் 1850ல் காப்புரிமை பெற்றார். பின்னால் பெட்ரோலியத்தில் இருந்தும் அது கிடைத்தது. மலிவான பொருள்தான், ஆனால் வெதுவெதுப்பிலேயே வளைந்துவிடும். அதற்கும் ஸ்டியரின் கலந்துதான் நிமிர்த்தினார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபைகூட 1904ல் இதற்கு ஒரு விதி வகுத்தது. திருப்பலிக்கான இரண்டு மெழுகுவர்த்திகளிலும் பாஸ்கா திரியிலும் மிகப் பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்க வேண்டும். பீடத்தின் மற்ற வர்த்திகளில் கணிசமான பகுதி இருந்தால் போதும். முழுச் சுத்தம் வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை, கலவைக்கு வரம்பு கட்டினார்கள்.

டால்டாவின் தம்பி

இப்போது சோயாவுக்கு வருவோம். சோயா எண்ணெய் திரவம். அது எப்படி மெழுகாகிறது? ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன், நிக்கல் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தித் திரவ எண்ணெயைக் கெட்டியாக்கும் முறைக்கு 1902ல் காப்புரிமை பெற்றார். நம் ஊர்க்காரர்களுக்கு 1937ல் வந்த டால்டா என்றால் உடனே புரியும். அதே வித்தைதான்.

அமெரிக்காவில் இந்த முறையைப் பிடித்துக்கொண்ட பிராக்டர் அண்ட் கேம்பிள் 1837ல் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்கத் தொடங்கிய கம்பெனி. மின்விளக்கு வந்து வர்த்தி வியாபாரம் சரிந்துகொண்டிருந்த காலத்தில், 1911ல் பருத்திக்கொட்டை எண்ணெயைக் கெட்டியாக்கி "கிரிஸ்கோ" என்று சமையலுக்கு விற்றார்கள். வர்த்திக்காரர்களிடம் இருந்து அடுப்படிக்குப் போன கெட்டிக்கொழுப்பு, 1990களின் தொடக்கத்தில் திரும்பவும் வர்த்திக்கு வந்தது. அயோவா மாநிலத்தின் மைக்கேல் ரிச்சர்ட்ஸ், விலை அதிகமான தேன்மெழுகுக்கு மாற்று தேடிப்போய் சோயா மெழுகை உருவாக்கினார்.

இதில் ஒரு கணக்கு உண்டு. சோயா மொச்சையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சம் கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் படிக்கிறோமே, கூட்டு உற்பத்தி, துணைப்பொருள் என்று? மெழுகுவர்த்தியின் வரலாறு முழுக்க அதுதான். இறைச்சியோடு வந்தது கொழுப்பு, பெட்ரோலியத்தோடு வந்தது பாரஃபின், தீவனத்தோடு வந்தது சோயா எண்ணெய். இன்னொரு தொழிலில் மிஞ்சுவதை வாங்குகிறோம். அது நம் வர்த்திக்கென்றே அளவெடுத்துத் தைத்ததாக இருக்காது. அதனால்தான் கலக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது, எதைக் கலப்பது?

முழுக்க ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய் உருக 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆகும், ஆனால் நொறுங்கும். அதனால் குவளை வர்த்திக்கான மெழுகை இன்னும் மென்மையாகத் தயாரிக்கிறார்கள். "சுத்த சோயா" என்று வருவதிலும் கெட்டியும் மென்மையுமான கொழுப்புகள் சேர்ந்தே இருக்கும். ஒரே கம்பெனியின் கோல்டன் வாக்ஸ் வரிசையிலேயே 415 என்பது வேறு சேர்மானம் இல்லாதது, 464 என்பது சேர்மானம் உள்ளது. 464 உருகுவது சுமார் 46-48 டிகிரியில். நம் ஊர் மே மாத வெயிலில் பார்சல் வண்டிக்குள் இது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சோயா வர்த்தியில் சில நாளில் சுவரில் உப்புப் பூத்தாற்போல வெள்ளை படரும். நம் பழைய வில்லன் படிகம்தான்! சோயாக் கொழுப்பு கரடுமுரடான பெரிய படிகமாக அடுக்கிக்கொள்ளும் குணம் உள்ளது. பாமாயிலும் பருத்திக்கொட்டை எண்ணெயும் நுண்ணிய படிகமாக நிற்கும். அதனால் சோயாவில் பாம் மெழுகு கொஞ்சம் சேர்த்தால் வெள்ளை பூப்பது குறையும். தேங்காய் மெழுகு சேர்த்தால் மேற்பரப்பு மென்மையாக அமையும், ஆனால் உருகுநிலை இறங்கும். தேன்மெழுகு 62-64 டிகிரியில்தான் உருகும் என்பதால் வர்த்திக்கு உறுதி கூடும், ஆனால் திரி பெரிதாக வேண்டியிருக்கும்.

பழைய வர்த்திக்காரர்கள் செய்ததைப் போலவே செய்யுங்கள்.

1. நூறு நூறு கிராமாக மூன்று குவளை: சோயா மட்டும், சோயா 90, தேன்மெழுகு 10, சோயா 80, தேங்காய் மெழுகு 20. கண்மதிப்பு வேண்டாம், தராசில் நிறுங்கள்.

2. நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பை விட்டு நகராதீர்கள்.

3. ஊற்றும் வெப்பநிலைக்கு விற்பவர் சொல்லும் அளவில் தொடங்கி, ஐந்தைந்து டிகிரியாக மாற்றிப் பாருங்கள். தெ மில்லி காலத்துப் பாடம் இது. பாதிப் படிகத் தொல்லை ஊற்றும் பக்குவத்திலேயே அடங்கிவிடும்.

4. ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்து பிறகு ஏற்றுங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் வெள்ளை பூத்தால்? அது எரிவதைக் கெடுக்காது, உடம்புக்கும் கெடுதல் இல்லை. கண்ணுக்குத்தான் குறை. அந்தக் குறையைப் பொறுக்க முடியாத ஒரு சந்தைக்காகத்தான் 1830களில் பாஷாணம் கலந்தார்கள்.

நீங்கள் செய்து யாருக்காவது கொடுத்தாலோ விற்றாலோ, அடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள். சோயா இவ்வளவு, தேன்மெழுகு இவ்வளவு, வாசனை எண்ணெய் இவ்வளவு. "நூறு சதவீதம் சுத்தம்" என்ற வாசகத்தைவிட அந்தச் சீட்டுக்கு மதிப்பு அதிகம். எழுதக் கை கூசுகிற பொருள் எதுவும் அதில் இல்லை என்றால், நீங்கள் செய்திருப்பது கலவை.