ஒளியின் எல்லைக்கு அப்பால்

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. அச்சவ்வில் பதிந்துள்ள ஏற்பிகள் என்னும் புரதங்கள் வாயிற்காவலரைப் போன்றவை. இன்சுலின் வந்து சேர்ந்த செய்தியையும், நோய்க்கிருமியின் துணுக்கு தென்பட்ட செய்தியையும் உள்ளே அறிவிப்பவை இவையே. இக்காவலர் தனித்தனியே நிற்கின்றனரா, அன்றிக் கூட்டங்கூட்டமாய் நிற்கின்றனரா? இவ்வெளிய வினாவிற்கு விடை காணப் புறப்பட்ட அறிஞர்களின் வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1873-இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே என்பார், நுண்ணோக்கிக்கு இயற்கையே வகுத்த எல்லையொன்றைக் கண்டறிந்தார். ஒளி அலைநீளத்தின் பாதியளவுக்கு, அதாவது ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கு, உட்பட்ட நெருக்கத்தில் இரு புள்ளிகள் இருந்தால் அவை ஒன்றாகவே தோன்றும். அச்சூத்திரம் அந்நகரில் அவருடைய நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஏற்பிகளோ சில நானோமீட்டர் அளவினவே. 1931-இல் தோன்றிய எலெக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் நுண்ணிய பொருள்களைக் காட்டிற்று. ஆயினும் அதன் வெற்றிடத்தில் உயிரணு உயிரோடிருத்தல் இயலாது.

கல்லில் பொறித்த எல்லையை எவ்வாறு கடப்பது? ஸ்டெபான் ஹெல் 1994-இல் ஒரு வழி கூறினார். ஒரு லேசர்க் கற்றை சாயப்பொருளை ஒளிரச் செய்யும். வளையம் போன்ற மற்றொரு கற்றை விளிம்பின் ஒளியை அணைத்துவிடும். நடுவே சிறு புள்ளியொன்றே எஞ்சும். 2000-இல் அதை அவர் செய்தும் காட்டினார்.

வேறொரு வழியும் பிறந்தது. வில்லியம் மோர்னர் 1989-இல் தனியொரு மூலக்கூற்றை ஒளியால் இனங்கண்டார். ஒளிரும் புரதத்தை விளக்குப்போல் ஏற்றவும் அணைக்கவும் கூடுமென 1997-இல் காட்டினார். எரிக் பெட்சிக் 1995-இல் தம் கருத்தை வெளியிட்டபின் ஆய்வுத்துறையை விட்டு விலகித் தந்தையாரின் தொழிலகத்தில் பணிபுரிந்தார். பின்னர் நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்திலேயே கருவியை அமைத்தார். அதன் பயனை 2006-இல் உலகம் அறிந்தது. ஹெல், மோர்னர், பெட்சிக் மூவரும் 2014-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பெட்சிக்கின் முறையை ஓர் உவமையால் விளக்குவேன். மரமொன்றில் மின்மினிகள் யாவும் ஒருங்கே ஒளிர்ந்தால் மரமே ஒளிப்பிழம்பாகத் தோன்றும். ஒவ்வொன்றாய் ஒளிர்ந்து அணைந்தால், ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துக்கொண்டு, பின்பு எல்லாக் குறிகளையும் சேர்த்துப் படமாக்கலாம். ஆபேயின் விதி பொய்க்கவில்லை. அறிவுடையோர் அதைச் சுற்றிச் சென்றனர்.

இக்கருவியால் டி-உயிரணுக்கள் என்னும் வெள்ளணுக்களை ஆராய்ந்தோர், பகையைக் காணுமுன்னரே அவற்றின் ஏற்பிகள் சிறு தீவுகளாய்த் திரண்டிருப்பதாக 2010-இல் அறிவித்தனர். மிகச் சில துணுக்குகளைக் கொண்டே இவ்வணுக்கள் பகையை உணரும் விந்தைக்கு அது விளக்கமாகும் எனப் பலரும் கருதினர். ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. அணைந்த மின்மினி மீண்டும் ஒளிர்ந்தால், ஒன்றையே பலவாக எண்ணிவிட மாட்டோமா? அவ்வாறு எண்ணினால் தனித்து நிற்கும் ஏற்பியும் கூட்டமாகத் தோன்றும். 2018-இல் வியன்னா ஆய்வாளர், இக்குறையை நீக்கி நோக்கியபோது, ஓய்வு நிலையிலுள்ள டி-உயிரணுக்களில் ஏற்பிகள் ஒழுங்கின்றிச் சிதறியே உள்ளன என்றனர். பகையைச் சந்தித்தபின் அவை கூடுவது மெய். சந்திக்குமுன் கூடியுள்ளனவா என்பதே வழக்கு.

இவ்வழக்கு வெறும் சொற்போரன்று. புற்றுநோயை எதிர்க்க இவ்வணுக்களைப் பழக்குவோர், அவை எவ்வாறு பகையை உணர்கின்றன என்பதைத் தெளிந்தாக வேண்டும். ஆண்டுகள் பல வகுப்பறையில் கழித்த நான் இவ்வரலாற்றில் இரு பாடங்களைக் காண்கிறேன். எல்லை என்று கேட்டதும் முயற்சியைக் கைவிடாதீர்கள். புதிய கருவி காட்டியது என்பதற்காகவே எதையும் நம்பிவிடாதீர்கள். கண்டதை மீண்டும் எண்ணிப் பார்ப்பவனே அறிவியலாளன்.