மலையேறிய திராட்சையும் மலையிறங்கிய பெசோவும்

2000களில் அமெரிக்கக் கடைகளில் 10 டாலருக்கு ஓர் அர்ஜென்டினா ஒயின் கிடைத்தது. பெயர் மால்பெக். "இந்த விலைக்கு இவ்வளவு நல்ல சரக்கா?" என்று வாங்கினார்கள். தரத்துக்குக் காரணம் மலை. விலைக்குக் காரணம் வேறு!

மால்பெக் பிரான்சுத் திராட்சை. 1850களில் மிஷெல் புஜே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் ஆண்டீஸ் மலையடிவாரத்து மெண்டோசாவுக்குக் கொண்டுபோனார். அங்கே வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிகம். பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் திருப்பித்தான் விவசாயம். ஸ்பானியர் வருமுன்பே ஹுவார்ப்பே பழங்குடிகள் செய்துவந்த வேலை அது. 1885-ல் ரயில் வந்தது, கூடவே இத்தாலிக்காரர்களும் ஸ்பானியர்களும். உற்பத்தி எகிறியது. தரம்? யார் கேட்டார்கள்! 1970 வாக்கில் அர்ஜென்டினர் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக 90 லிட்டர் குடித்தார். பிறகு பீரும் குளிர்பானமும் வந்து அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1980களில் மால்பெக் கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள்.

நிக்கோலாஸ் கத்தேனா பொருளாதாரம் படித்தவர், ஒயின் குடும்பத்துப் பிள்ளை. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இருந்தபோது நாபா பள்ளத்தாக்கு ஒயினைப் பார்த்து அசந்துபோனார். 1992-ல் குவால்டஷாரியில், ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் தோட்டம் போட்டார். அந்தக் குளிரில் பழுக்காது என்றார்கள். பழுத்தது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். வெயிலோ சுள்ளென்று அடிக்கும். பகலில் சர்க்கரை ஏறும், இரவுக் குளிரில் புளிப்பு அப்படியே நிற்கும். ருசி அங்கேதான் இருக்கிறது.

இனி காமர்ஸ்காரர்களுக்கான கதை. 1991 முதல் ஒரு பெசோ ஒரு டாலர் என்று அரசு கட்டிப்போட்டிருந்தது. அதனால் வெளிநாட்டு இயந்திரமும் பிரெஞ்சு ஓக் பீப்பாயும் மலிவாக வந்திறங்கின. ஆனால் ஏற்றுமதி விலை கட்டுப்படியாகவில்லை. 2001 டிசம்பரில் வங்கியிலிருந்து வாரம் 250 பெசோதான் எடுக்கலாம் என்றார்கள். ஜனம் தெருவில் பாத்திரம் தட்டியது. 2002 ஜனவரியில் கட்டு அவிழ்ந்தது. ஆண்டின் நடுவில் ஒரு டாலர் மூன்றரை பெசோவைத் தாண்டியது. கூலி பெசோவில், விற்பனை டாலரில். தோட்ட முதலாளிக்கு யோகம். அறுவடைக்காரரின் சேமிப்புக்கோ மதிப்பில் கால்பங்கு சொச்சம்தான் மிஞ்சியது. அந்த 10 டாலர் பாட்டிலில் அவர் பணமும் கொஞ்சம் இருந்தது.

மலிவும் நிலைக்கவில்லை. 2010 வாக்கில் விலைவாசி வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏற, கூலியும் பாட்டில் விலையும் பின்னாலேயே ஏறின. மலிவு ஒயின் விற்றவர்களுக்கு லாபம் கரைந்தது.